நூற்றுக்கு நாலு கழிவு

ஜனவரி 19, திங்கள்
காலையிலேயே வெயில். தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. தேர் முன்னால் உடைக்க, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் கடைக்கு ஒரு லோரி தேங்காய் இறக்கம்.

மகள் மலருடன் இன்றும் பேச்சு சரியில்லை. பாயான் பாருவில் நல்ல இஞ்சினியர் வேலை. அதை விட்டுவிட்டு வெளிநாட்டில் இயற்பியல் ஆராய்ச்சியாம். நாலு வருடம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். நான் சரி என்றால்தான் போவாளாம். அவள் அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

20, செவ்வாய்
அப்படி என்னதான் படிக்கப் போகிறாய் என்று சாப்பிடும்போது கேட்டேன்.

“எலெக்ட்ரானோட எடைய ரொம்பத் துல்லியமா அளந்துட்டாங்கப்பா. ஏன் அவ்ளோன்னு எந்தக் கணக்குலயும் வராது. அளந்த நம்பர நாமளே கொண்டாந்து கணக்குல போட்டுக்கிறோம். இயற்கையே அதுக்கு மேல காரணம் வெக்கலயா, இல்ல நம்ம கணக்குக்குத்தான் அதத் தாண்டத் தெரியலயா?”

“சிலது அப்படித்தான்மா. தேங்காய்ல நூத்துக்கு நாலு அழுகல்னு கழியும். முப்பது வருசமா பாக்குறேன். ஏன்னு யாரக் கேக்குறது?”

“அது தேங்காயோட நாலா, உங்க நாலா?”

கோபம். பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

22, வியாழன்
வானம் மப்பு. தேங்காயை ஆட்டிப் பார்த்துக் கழித்துக்கொண்டே, மகள் சொன்னதைக் கடையாள் முனியாண்டியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“நாலு எடுத்ததும் நிறுத்திருவீங்கண்ணே. அஞ்சாவதத் தேடுனதே இல்ல. நாலு தேறலன்னா, தேறுற வரைக்கும் ஆட்டுவீங்க.”

“ஏன்டா இத்தன நாளு சொல்லல?”

“நீங்க மொதலாளிலா.”

நூறு நூறாக, இன்னும் கழிக்காத இரண்டு சாக்கு. முழுக்க உடைத்தோம். ஒன்றில் அழுகல் பதினொன்று. மற்றதில் ஒன்றே ஒன்று. நல்லதெல்லாம் எண்ணெய்க்கு.

தேர் முன்னால் அழுகல் உடைந்தால் நேர்ந்துகொண்டவன் மனசு என்ன பாடுபடும். எத்தனை பேருக்குக் கொடுத்தேனோ.

மாலை மலரிடம் சொன்னேன். ஜெயித்த முகம் இல்லை.

“அதுக்காக எலெக்ட்ரானும் அப்படித்தான்னு சொல்ல முடியாதுப்பா. அது நெசமாவே இயற்கையோட எல்லையா இருக்கலாம். நாலு வருசம் படிச்சும் தெரியாமப் போகலாம்.”

“போனா?”

“தெரியலன்னு எழுதுவேன்.”

என் தொழிலில் அப்படிச் சொன்ன ஆளைப் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.

23, வெள்ளி
சரி என்றேன். மதியத்துக்குள் பதில் போய்விட்டது.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று அவளைக் கேட்டு வைக்க வேண்டும்.