சம்மதம் கேட்காத படம்

ஆகஸ்ட் 12, வெள்ளி

இன்று மபசேகாவையும் வேலாபியையும் படம் எடுத்தேன். ஒன்பது மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தேன். போனால் மபசேகா இன்னும் பொய் இமை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். முடி அலங்காரக் கடை வைத்திருப்பவள் தன் ஒரு தலைக்கே இவ்வளவு நேரம் எடுத்தால் எங்கள் ஊர் க்வாதேமாவில் இருக்கிற மற்றத் தலைகளெல்லாம் என்ன ஆவது? வேலாபி உட்காரவே இல்லை. சட்டை கசங்கிவிடுமாம்.

எல்லா ஜோடிகளிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். இந்த வீட்டில் எந்த இடத்தில் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள்? இருவரும் ஒரே நேரத்தில் சமையலறையைக் காட்டினார்கள். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். அதில் இரண்டு பேரும் நின்றார்கள். ஆம்பளைப் பிள்ளை பாவாடை கட்டிக்கொண்டு வருவதா என்று மபசேகாவைத் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து விரட்டியபோது, பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு அவள் பின்னாலேயே வெளியே வந்தவன் வேலாபி. பதினோரு வருஷம் ஆகிறது.

"வயித்த உள்ள இழுத்துக்கச் சொல்லு அவன."

"நீ சொன்னா கேக்க மாட்டானா?"

"நான் சொன்னா சண்டை. நீ சொன்னா கலை."

படம் எடுத்தபிறகு சம்மதத் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அடுத்த மாதம் நடக்கப்போகும் ஜோடிப் படக் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் மண்டபத்துக்கு வந்து தங்கள் படத்தைச் சுவரில் பார்ப்பார்கள். மனம் மாறினவர்கள் தங்கள் கையாலேயே இறக்கிக்கொள்ளலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. படத்தோடு நெகட்டிவையும் கொடுத்துவிடுவேன். முன்பு ஒரு முறை நான் எடுத்த படம் கேட்காமலே பத்திரிகையில் வந்து, ஒருவனை அவன் மாமன்கள் வீட்டுக்குள் விடவில்லை. அன்றிலிருந்து இந்த விதி.

கிளம்பும்போது மபசேகா கேட்டாள், "புலெங் எங்கடி? ஆளையே காணோம்."

டூட்டி என்றேன். மூன்று வாரமாக அவளுக்கு டூட்டிதான். நர்ஸோடு குடும்பம் நடத்தினால் பொய்க்குப் பஞ்சமே இல்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

குளிருக்குப் போர்த்துகிற கனத்த போர்வையைப் புலெங் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கோபத்தில் போகிறவள் போர்வையை விட்டுவிட்டுப் போவாளா?

ஆகஸ்ட் 19, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாமல் தள்ளிப்போட்டால் என்னை நானே நல்லவள் என்று நம்பிவிடுவேன்.

புலெங்குக்கு ஒரு மகள். லெசெடி. அவளை இரண்டு வயதில் சொந்த ஊரான க்ரூன்ஸ்டாட்டில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தாள், என்னைப் பார்த்தாள். ஐந்து வருஷம் ஆயிற்று. குழந்தையைக் கூட்டி வந்து நம்மோடு வைத்துக்கொள்வோம் என்று முதல் வருஷத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லையே. ஆனால் பின்னறை முழுக்கப் படங்கள். மரச் சட்டங்கள், அட்டைகள், நெகட்டிவ் பெட்டிகள். கண்காட்சி முடியட்டும் என்றேன். அது முடிந்ததும் அடுத்தது முடியட்டும் என்றேன்.

ஜூலையில் அவள் அந்த அறை வாசலில் நின்று சொன்னாள்: "இந்த ரூம்ல நாப்பது ஜோடிக்கு இடம் இருக்கு. ஒரு கொழந்தைக்கு இல்ல."

கத்திச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். மறுவாரம் க்ரூன்ஸ்டாட்டில் வேலை மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மா வீட்டில் இருந்துகொண்டு கொஞ்ச நாள் மகளோடு பழகி, பிறகு லெசெடியோடு தனியாக வீடு பார்ப்பாளாம். எல்லாம் அவள் தங்கை வழியாகக் கேட்டது. என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

சுவருக்கான படங்களைப் பொறுக்கினேன். மபசேகா கோழிக்கால் குழம்பும் மக்காச்சோளக் களியும் கொண்டுவந்து, எண்ணெய்க் கையோடு படங்களைத் தொட வந்து திட்டு வாங்கினாள்.

அந்தப் படத்தை மேசை நடுவில் வைத்தேன். இரண்டு வருஷம் முன்பு எடுத்தது. நான் தகரத் தொட்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். புலெங் பின்னால் ஒரு பக்கமாக முட்டிபோட்டு என் முதுகைத் தேய்த்துவிடுகிறாள். வலது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அந்தத் தழும்பு தெரிகிறது. டாக்ஸி நிறுத்தத்தில் மூன்று பேர், பெண்களையே விரும்புகிற என்னைப் பெண்ணாக்கிக் காட்டுகிறோம் என்று சொல்லிக் கத்தியால் போட்டது. கேமராவைத் தானாக இயங்க வைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன், தண்ணீர் பாதி தரையில் கொட்டியது, அதற்குத்தான் புலெங் அப்படிச் சிரிக்கிறாள். அவள் முகம் முழுக்கத் தெரிகிறது. ஒரு கை தழும்பின் மேல்.

இத்தனை ஜோடிகளை எடுத்திருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒன்றாக இருக்கிற படம் இது ஒன்றுதான்.

மபசேகா நெடுநேரம் பார்த்தாள். "இதுக்குத் தாள்ல கையெழுத்து வாங்கிட்டியா?"

"அவகிட்ட எதுக்குத் தாளு? என் வீட்டுக்காரிடி அவ."

"அப்படியா" என்று சொல்லிவிட்டுக் களியைப் பிசைய ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 2, வெள்ளி

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். கண்ணீர் இருக்கிற படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் கறுப்பு முகம் பத்திரிகையில் வரவேண்டும் என்றால் ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லை அழுதிருக்க வேண்டும். என்னிடம் சிரிக்கிற படங்கள்தான் இருக்கின்றன என்றேன். போய்விட்டார்.

அந்தக் கோபத்தோடு கண்காட்சிச் சுவரொட்டிக்குத் தொட்டிப் படத்தைக் கொடுத்துவிட்டேன். எங்களுக்கும் சிரிக்கத் தெரியும் என்று ஊர் பார்க்கட்டும்.

இல்லை. பொய் எழுதக் கூடாது. அவள் பார்க்கட்டும் என்றுதான் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள் என்று.

செப்டம்பர் 6, செவ்வாய்

புலெங் கூப்பிட்டாள். பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டே நின்று, மணி நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தேன்.

சுவரொட்டி யார் யார் போனிலோ சுற்றி க்ரூன்ஸ்டாட் போயிருக்கிறது. வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துப் பெண்களில் ஒருத்தி அதை அவள் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். இதுவரை நான் அந்த வீட்டில் 'புலெங்கோடு அறை எடுத்திருக்கிற பெண்'. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"லெசெடிய தரமாட்டேங்குறாங்க. கோர்ட்டுக்குப் போவாங்களாம்."

"நான் உங்க அம்மாகிட்ட பேசட்டுமா?"

"நீ என்ன பேசுவ? நாப்பது ஜோடியையும் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டிக் கேட்ட. என்ன மட்டும் கேக்கல."

நீ எனக்கு வேற இல்லையேன்னு நினைச்சேன் என்றேன். அது அவளுக்கு இன்னும் வலித்திருக்க வேண்டும். பிறகு, "பதினேழாம் தேதி வர்றேன். என் கையால எறக்கிக்கிறேன். எல்லாருக்கும் இருக்கிற சட்டம்தானே" என்றாள்.

நான் என்ன செய்துவிட்டேன்? என்ன செய்துவிட்டேன் நான்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஒரே ஒரு வார்த்தை.

செப்டம்பர் 8, வியாழன்

சுவரொட்டியை மாற்றியாயிற்று. இப்போது மபசேகாவும் வேலாபியும். "மொதல்லயே என்னப் போட்டிருந்தா இந்த வம்பெல்லாம் வந்திருக்குமா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான்கு ஸ்பூன் சர்க்கரை.

செப்டம்பர் 16, வெள்ளி

நாளை வருகிறாள். நெகட்டிவைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் நாங்கள் வெள்ளையாக இருக்கிறோம், தழும்பு கறுப்பாக இருக்கிறது.

ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? சுவருக்கு இல்லை. எனக்கு. படுக்கைக்கு அடியில் கிடந்துவிட்டுப் போகட்டும். படம் கழுவுகிற சிவப்பு விளக்கைக்கூடப் போட்டுவிட்டேன். அச்சுத் தாளை எடுத்தேன்.

அணைத்துவிட்டேன். நெகட்டிவை உறையில் போட்டு அவள் பெயரை எழுதினேன். அதை எழுதுவதற்குள் மூன்று உறை வீணாயிற்று.

செப்டம்பர் 17, சனி

எல்லோரும் வந்தார்கள், பாத்திரமும் குழந்தைகளுமாக. முப்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்கிற மாமெல்லோவும் நொசிஃபோவும் விசேஷப் போர்வையைத் தோளில் ஊக்குக் குத்திப் போர்த்திக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். மாமெல்லோ தன் படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் இம்புட்டு அழகா இருக்கேன்னு ஏன்டி இத்தன வருஷமா சொல்லல?"

"சொன்னா அப்புறம் சமைக்க மாட்ட" என்றாள் நொசிஃபோ.

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் புலெங் உள்ளே வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். இளைத்திருக்கிறாள்.

யாரையும் பார்க்காமல் நடுச்சுவருக்குப் போனாள். படத்தை உடனே இறக்கவில்லை. பெரிய அளவில் அவள் அதைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நின்று பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தூக்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாமெல்லோ மட்டும் போய் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், மரச் சட்டம் கனம்.

சுற்றிக் கொடுக்க வேண்டியது என் வேலை. டேப் காகிதத்தில் ஒட்டாமல் சுருண்டுகொண்டே வந்தது. புலெங் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். உறையை நீட்டினேன்.

"இதையுமா?"

"சட்டம் அதுதானே."

"ஒனக்கு ஒண்ணு வச்சுக்கிட்டியா?"

"இல்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ரூமைக் காலி பண்ணிடுறேன், இன்னைக்கே பண்றேன், அத்தனையையும் கொளுத்திடுறேன், லெசெடிய கூட்டிட்டு வா. ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் கேட்டால் அதுவும் அவளைக் கேட்காமல் சுவரில் மாட்டுவது போலத்தான்.

"அஞ்சு மணிக்கு பஸ்" என்றாள். வேலாபி படத்தைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான்.

செப்டம்பர் 24, சனி

மரபு நாள் விடுமுறை. கண்காட்சி திறந்தது. நல்ல கூட்டம். நடுவில் காலி இடம் விட்டிருந்தேன், மத்தியானம் பார்த்தால் அங்கே மபசேகாவின் ஃபிரிட்ஜ் படம். காலி இடம் கண்ணை உறுத்துகிறதாம், அவளே மாட்டிக்கொண்டாள். பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, திங்கள்

படங்களை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நெகட்டிவ் பெட்டிகள் கட்டிலடிக்கு வந்துவிட்டன. பின்னறை காலி. இரண்டு நாள் வேலை. ஐந்து வருஷமாக முடியாது என்று சொன்ன வேலை இரண்டே நாள். சின்னக் கட்டில் ஒன்று, மேசை ஒன்று தாராளமாகப் போடலாம். ஜன்னல் இருப்பதே மறந்துபோயிருந்தது.

அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அது செய்தியா, குத்தலா?

அக்டோபர் 20, வியாழன்

புலெங்கிடமிருந்து நீளமாக ஒரு செய்தி. வாசித்துவிட்டு வாசலில் போய் நின்றேன், வந்து மறுபடி வாசித்தேன்.

படத்தைக் கழற்றிவிட்டேன் என்று கொண்டுபோய்க் காட்டியும் அவள் அம்மா சமாதானம் ஆகவில்லை. ஜெபக் கூட்டத்துப் பெண்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். போன ஞாயிறு இரண்டு பைகளை வெளியே வைத்துவிட்டாராம். ஒன்று புலெங்குடையது, இன்னொன்று லெசெடியுடையது. அவளைப் பெற்றவள் நீ, நீயே வைத்துக்கொள் என்று கதவைச் சாத்திவிட்டார். இருவரும் மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார்கள். கேட்ட மகள் கிடைத்துவிட்டாள், அம்மா கைவிட்டுவிட்டார்.

கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாள்: "நான் அங்க திரும்பி வரமாட்டேன். காத்திருக்காத. இத எழுதுறது வேற விஷயத்துக்கு. லெசெடி நேத்து படத்தப் பிரிச்சுப் பாத்துட்டா. யாருன்னு கேட்டா. அம்மா ஆசப்பட்ட ஆளுன்னு சொன்னேன். முதுகுல என்னன்னு கேட்டா. அதையும் சொன்னேன். இப்பவும் வலிக்குமான்னு கேக்குறா. எனக்குத் தெரியல. நீயே சொல்லு. அவளுக்கு வாசிச்சுக் காட்டணும்."

வலிக்காது என்று எழுதினேன். அழித்தேன். கொஞ்சம் வலிக்கும் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். ஏழு வயதுக் குழந்தை, நான் இதுவரை ஒரு முறைகூடப் பார்க்காத குழந்தை, என்னைப் படத்தில் பார்த்துவிட்டு என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

"உங்க அம்மா கை வச்சப்ப வலிக்கல" என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறியும் விழுந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.