கரியரைத் திறந்து பார்க்கிறவனுக்கு

என் மச்சான் யோகன்,

படகு கவிழ்ந்த கடலில் உன்னைத் தேடவும் எங்களுக்கு வழியிருக்கவில்லை. உடலைக் காணாததால் உன்னைக் காலஞ்சென்றவன் என்று எழுத இன்னும் கை வருவதில்லை. ஆனாலும் இன்று உன்னோடு கதைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

நம் ஆஸ்பத்திரியில் இன்னும் மின்சாரமில்லை. ஆய்வுகூடம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. டொக்டர்மார் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட, மாணவர்களை வார்ட்டில் பழக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நீ செய்ய வேண்டிய வேலை. பொறுமையே இல்லாத என்னிடம் போய் யார் கொடுத்தார்கள்?

வதனி என்றொரு மாணவி. இரத்தத்தில் சீனி இறங்கினால் என்னென்ன நடக்கும் என்று வகுப்பில் மூச்சுவிடாமல் ஒப்புவித்தவள். நேற்று, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும், நீர்வேலியிலிருந்து வந்த அம்மா ஒருவர் வேர்த்துக் கொட்டிப் பிதற்றத் தொடங்கினார். வதனி திகைத்து நின்றாள்.

"பாரிசவாதமோ, சேர்?"

"காலமை சாப்பிட்டவவோ?"

"ஓம், கேட்டனான். சாப்பிட்டனெண்டு சொன்னவ."

குளுக்கோஸ் நிரப்பிய ஊசியை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். நானே சொல்லிவிட்டால் இந்த அம்மா பிழைப்பார். நானில்லாத வார்ட்டில் அடுத்தவர்? பிள்ளை படிக்கட்டும் என்று ஓர் உயிரை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கலாம்?

அப்போதுதான் நீ நினைவுக்கு வந்தாய். நாம் மாணவர்களாக இருந்தபோது, நாடி பிடிக்க முதல் கட்டிலுக்குக் கீழே குனிந்து, வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கரியரைத் திறந்து பார்ப்பாய். பசியில் பார்க்கிறாய் என்று உனக்குக் 'கரியர் டொக்டர்' என்றே பட்டம் வைத்தோம். "கேட்டால் எல்லாரும் சாப்பிட்டனெண்டுதான் சொல்லுவினம். கரியர் பொய் சொல்லாது" என்பாய்.

"கரியரைத் திற, பிள்ளை" என்றேன்.

இடியப்பமும் சொதியும் தொடாமல் இருந்தன. வதனியின் முகம் மாறியது. "சீனி இறங்கிட்டுது, சேர்." ஊசியை அவளிடமே கொடுத்தேன். சரியாக ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அம்மா கண் விழித்தார்.

"நேர்ஸ் பிள்ளையிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி. கந்தசட்டி விரதமெல்லோ."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

வதனி வெளி விறாந்தையில் நின்று அழுதாள். "படிச்சதெல்லாம் வாயிலைதான் நிக்குது, சேர். ஆளைக் கண்டா ஒண்டும் வருகுதில்லை. நான் இனி வரமாட்டன்."

நீயென்றால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அதே யோசனை. ஊசியோடு நான் பொறுத்து நின்றது அதிகமோ? ஒரு நல்ல டொக்டரை இழந்துவிட்டோமோ?

இன்று காலை நான் போகும்போது அவள் எனக்கு முன்பே வார்ட்டில் நின்றாள். கொழும்புத்துறையிலிருந்து வந்த ஒரு முதியவரின் கட்டிலடியில்.

"சாப்பிட்டனீங்களோ, ஐயா?"

"ஓம் பிள்ளை, வடிவாச் சாப்பிட்டன்."

அவள் தலையாட்டினாள். பிறகு குனிந்து கரியரைத் திறந்தாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. விறாந்தைக்குப் போய் அழுதேன். நீ போன செய்தி வந்த அன்றுகூட நான் அழவில்லை.

இனி என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையும் குனிந்துதான் தொடங்கும், மச்சான். ஏன் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். பட்டத்தையும் சேர்த்துத்தான்.

உன் கூடப்பிறக்காத சகோதரன்,
குமரன்