கணவர் கையொப்பத்துக்கு ஒரு கோடு

போன மாதம் நம் அச்சகத்தில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. கரையான்சாவடி ஆஸ்பத்திரியின் கருக்கலைப்பு ஒப்புதல் படிவம் இனி மஞ்சள் தாளில் வராது, இளஞ்சிவப்பில் வரும். இதற்காக டாக்டரம்மா, அவருடைய மேனேஜர், நம் முதலாளி மூவரும் முக்கால் மணி நேரம் ஆலோசித்தார்கள். மஞ்சள் நோயாளிகளைச் சோர்வடையச் செய்கிறதாம். ஆறு வகை இளஞ்சிவப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். டீ இரண்டு முறை வந்தது.

நீ இருந்திருந்தால், "இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினு கீறாங்க" என்று என் காதில் சொல்லியிருப்பாய்.

அந்த இளஞ்சிவப்புக் கட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. மை வாசனை இன்னும் போகவில்லை. அதை முகர்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ கம்ப்யூட்டரில் அடிப்பவள், நான் பிழை பார்ப்பவள். அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்த ஷெட்டில் ஏழு வருடம் அடுத்தடுத்த நாற்காலி. அந்தப் படிவம் முதன்முதலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கைப்பட எழுதிய அரைப் பக்கம் வந்திருந்தது. "பழைய ஃபைல் ஒண்ண எடுத்து பேர மாத்தும்மா, சாயந்திரம் டெலிவரி" என்றார் முதலாளி. வேறொரு ஆஸ்பத்திரிக்கு அடித்திருந்த ஆபரேஷன் படிவத்தை நீ எடுத்தாய். அதன் அடியில் 'கணவர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருந்தது. அதுவும் கூடவே வந்துவிட்டது.

'கருக்கலைப்பு' என்பதில் ஒரு 'க்' விட்டிருந்தாய். சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தேன். பிறகு 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இல்லாத சட்டம் ஒன்று அன்று சாயந்திரம் டெலிவரி ஆனது.

போன வருடம் நீயே அந்தப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தாய். வயிற்றில் ஏழு வாரம். இரண்டாவது பிரசவத்தில் நீ பிழைத்ததே பெரிது என்று அதே டாக்டரம்மாதான் அன்றைக்குச் சொல்லியிருந்தார். உன் புருஷன் லாரியோடு குஜராத் பக்கம் இருந்தான். போனில் கேட்டதற்கு, "கையெழுத்தும் கெடயாது, ஒண்ணும் கெடயாது, பெத்துக்கோ" என்று வைத்துவிட்டான்.

"வீட்டுக்காரர் சைன் இல்லாம பண்ண முடியாதும்மா. அதோட இது பாவம், யோசிச்சுக்கோ" என்றிருக்கிறார் டாக்டரம்மா.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே சொன்னாய்: "பாவம்தான்க்கா, நான் இல்லேங்கல. அந்தப் பாவத்த நான் தூக்கினு போறேன். அதுக்கும் அந்தாளு கையெழுத்து போடணுமா?"

அறத்தைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்களுக்கெல்லாம் நான் பிழை பார்த்திருக்கிறேன். உன் கேள்வி அவற்றில் ஒன்றிலும் வரவில்லை.

"வேற ஆஸ்பத்திரி பாரேன்டி" என்றேன்.

"எங்க போனாலும் இதே ஃபாரம்தான். நான்தானேக்கா அடிச்சேன்!" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அச்சில் வந்ததை அப்படியே நம்பும் பழக்கம் ஊருக்கு இருக்கலாம். அதை அச்சடிக்கிற நமக்கு இருந்திருக்கக்கூடாது.

நாலாம் நாள் தெருமுனை மெடிக்கலில் எதையோ கேட்டு வாங்கி விழுங்கினாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை. உதிரம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாய். உடம்பை வாங்கப் புருஷன் வந்தான். அங்கே நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். தயங்கவில்லை.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன், பிழை பார்க்கிற மாதிரி, எழுத்தெழுத்தாக. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும். கணவனைக் கேட்கச் சொல்லி எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"தெரியும்மா" என்றார். "அது எங்க சேஃப்டிக்கு. நாளைக்கு புருஷன்காரன் வந்து கண்ணாடிய உடைச்சா யார் பாக்குறது?"

"சட்டப்படி தேவையில்லேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவ கேக்கலியே."

அவர் தலைக்குமேல் சட்டம் மாட்டச் சொன்ன பலகை தொங்கியது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படமாட்டாது. சொல்லமாட்டோம் என்பதற்குப் பலகை இருக்கிறது. சொல்லியே ஆகவேண்டியதற்குப் பலகை இல்லை. கேட்கத் தெரியாதவள் கேட்கவில்லை என்பது ஒரு பதிலாம். வெளியே வரும்போது வரவேற்பறைக் கண்ணாடியைப் பார்த்தேன். கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

போன மாதம் நிறம் மாற்றினார்களே, அப்போது நீ அடித்த ஃபைலைத் திறந்து அந்தக் கோட்டை எடுத்துவிட்டேன். மேனேஜர் தாளைத் தடவிப் பார்த்து, "கலர் சூப்பர்" என்று சம்மதம் எழுதினார். பதினெட்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒரு மாமியார் கவனித்தார். "எம்புள்ள எங்க கையெழுத்து போடுறது?" என்று கேட்டாராம்.

அன்றைக்கே கட்டு திரும்பி வந்தது. "ஏம்மா, பிழை பாக்கச் சொன்னா சட்டம் பாப்பியா?" என்று முதலாளி கத்தினார்.

"பிழைதான் சார் பாத்தேன்" என்றேன்.

நான் 'பிழை இல்லை' என்று கையெழுத்திட்ட அந்தப் பழைய மஞ்சள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் அதை ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

இனி அந்தப் படிவம் வானகரத்தில் ஒரு அச்சகத்தில் அச்சாகும். இளஞ்சிவப்பில், கோட்டோடு. அந்தப் பதினெட்டு நாளில் கோடு இல்லாமல் எத்தனை போயிருக்கும் என்று திரும்பி வந்த கட்டை எண்ணினேன். ஐந்நூறில் முப்பத்தேழு குறைந்தது.