மாமன் மடியும் ஒரு சின்னப் பாயும்

மாசி, திங்கள்

விடிகாலைப் பனி. எறையூர் சர்க்கரை ஆலை கேட்டில் கரும்பு லாரிகள் மைல் கணக்கில், நம்ம லாரியும் அதில். நான் போய் ஒரு கனைப்புக் கனைத்ததும் வரிசை நகர்ந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மதியம் பெரம்பலூர், தங்கச்சி கவிதா வீடு. வெள்ளிக்கிழமை திருமழபாடியில் பாப்பா இனியாவுக்குக் காதுகுத்து. மூன்றரை வயது. என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவள் ஒருத்தி, அவளுக்கும் இது ஒன்றுதான். மொட்டையின்போது பாப்பா அலறிக்கொண்டு என் மடியிலிருந்து இறங்கி, பெரியப்பா மடியில் ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணன், ஆண்டிமடத்து முந்திரித் தோப்புக்காரர். கல்யாணத்துக்குக் கல்யாணம் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். இந்தத் தடவையும் போனால் மாமன் என்று நான் எதற்கு?

கவிதா: "அண்ணே, வலுக்கட்டாயமா தூக்கி வச்சிக்காதீங்க. அவள கேளுங்க. ஸ்கூல்ல அப்படித்தான் பழக்கியிருக்காங்க."

மூன்றரை வயதுக்கு மனுப் போட வேண்டுமாம். தூ.

செவ்வாய்

வெயில். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தே தீருவதென்று போனேன். வேட்டி, வாட்ச், செண்ட்.

கண்டவை:
ஒரு பையன் செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர். பிறகு டம்ளரிலிருந்து செம்புக்கு. நாள் பூரா இதே.
ஒரு குட்டி துடைப்பம் பிடித்துக் கூட்டுகிறது.
ஒன்று சும்மா ஜன்னலைப் பார்க்கிறது. யாரும் அதட்டவில்லை.
கரும்பலகை இல்லை. பிரம்பு இல்லை. அ, ஆ என்று ஒரு சத்தம் இல்லை.

மிஸ் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்.

"நீங்க எப்பம்மா பாடம் நடத்துவீங்க?"

"அவங்களா எடுத்துச் செய்றாங்க சார். நாங்க கூட இருப்போம்."

நானும் எட்டு வரை படித்தவன்தான். கணக்கில் வாத்தியாருக்கே சந்தேகம் வந்தால் என்னைத்தான் பார்ப்பார். கூட இருந்தால் போதுமென்றால் எங்கள் வீட்டு எருமைகூட மிஸ்தான்.

பாப்பா சின்னப் பாய் விரித்து, கரண்டியால் ஒரு கிண்ணத்துப் பயறை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஆசையாய்ப் போய், சிந்திய பயறைப் பொறுக்கிப் போட்டேன். வந்தது வினை.

"மாமா! என் பாயி! மிதிச்சிட்ட!"

நான் போட்ட பயறையெல்லாம் எடுத்து மறுபடி தரையில் வைத்துவிட்டு, தானே ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. பாயில் யார் வருவதானாலும் பாய்க்காரரைக் கேட்க வேண்டுமாம், மிஸ் உட்பட. ஏழூர்ப் பஞ்சாயத்துக்கு நடக்கிற காலை, ஒரு பாய்க்கு வெளியே எடுத்து வைத்தேன். அசிங்கம்.

புதன்

சீர் வாங்கியாச்சு. பட்டுப்பாவாடை, கம்மல், பழம், மாலை. கடைக்காரரிடம் மந்திரி வீட்டு விசேஷம் என்று சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் பாப்பாவைக் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டேன். செருப்பு வாரை நான் மாட்டிவிட்டேன். அவிழ்த்துத் தானே மாட்டியது. கால் மாறிப்போச்சு. மறுபடி அவிழ்த்தது. அதற்குள் கடைத்தெருவே அடைத்திருக்கும். கவிதா சிரிக்கிறாள். இதெல்லாம் வளர்ப்பா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளி

கொள்ளிடக் காற்று. மேளம். பத்தர் ஊசியோடு தயார். நான் மாலையும் கழுத்துமாய் மணையில். மடி காலி.

பாப்பா? மண்டபத் தூணோரம். பையில் பாயைக் கொண்டுவந்திருக்கிறது! விரித்து, பெரியப்பா கொடுத்த முந்திரியைக் கிண்ணம் மாற்றுகிறது.

"என்ன மச்சான், மடி காஞ்சி கெடக்கு?" ஆண்டிமடத்தார்தான். கூட்டமே சிரித்தது.

கவிதாவின் மாமியார்: "ராவுகாலம் வரப்போவுது, தூக்கியாங்கடா."

எழுந்து போனேன். கை நீண்டுவிட்டது. பாய் விளிம்பு கண்ணில் பட்டது. நின்றேன். வெறுந்தரையில் உட்கார்ந்தேன், பட்டு வேட்டியோடு.

"பாப்பா, மாமா மடிக்கு வர்றியா?"

"வேல முடியல."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சா முடியும்."

மறுபடி சிரிப்பு. அதற்குள் ஆண்டிமடத்தார், "தள்ளு மச்சான், புள்ள தூக்கத் தெரியாத ஆளு" என்று பாயில் கால் வைத்து வாரித் தூக்கினார். கிண்ணம் கவிழ்ந்தது. முந்திரி மண்டபம் முழுக்க. பாப்பா போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. அவர் இறக்கிவிட்டதும் எல்லோரும் பொறுக்கக் குனிந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்றேன். என் குரல் கொள்ளிடம் தாண்டிக் கேட்டிருக்கும்.

பாப்பா என்னைப் பார்த்தது. பிறகு தானே பொறுக்கியது. ராகு காலம் பிறந்தது. மாமியார் என்னைத் திட்டினார், கவிதாவைத் திட்டினார், அந்த மிஸ்ஸையும் திட்டினார். கடைசியில் சொன்னது மட்டும் நியாயம். பாப்பா பாயைச் சுருட்டிப் பையில் வைத்தது. நடந்து வந்து என் மடியில் உட்கார்ந்தது.

பத்தரிடம், "ஊசிய காட்டுங்க" என்றது. அவரும் காட்டினார். வேறு வழி?

ஒரு காது. முகம் சிவந்தது, ஆனால் தலை ஆடவில்லை. என் கை இரண்டும் சும்மா கிடந்தன. மாமன் என்றால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கும் வேலையில்லாமல் செய்துவிட்டது அந்தப் பள்ளிக்கூடம்.

இன்னொரு காதுக்குமுன் என் கையைத் தேடி எடுத்துத் தன் தலையில் வைத்தது.

"இப்ப புடிச்சிக்க மாமா."

சனி

வெயில். லாரி இன்னும் உள்ளே போகவில்லை. டீக்கடையில் எல்லாம் சொன்னேன். நான் கண்ணைக் காட்டினேன், பாப்பா ஓடி வந்து ஏறிக்கொண்டது. ஆண்டிமடத்தார் என் காலில் விழாத குறை. பத்தருக்கே கை நடுங்கியது, ஊசியை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

பாப்பா என் கையை எடுத்துத் தலையில் வைத்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிச் சொல்லிவிடுவேன்.