இல்லத்துக்கு ஒரு வெப்சைட்

மார்ச் 9, 1999, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் ஏர்கோன் மறுபடி மக்கர்.

புருஷன்கிட்ட அடிபட்டுத் தப்பி வர்ற பொண்ணுங்களுக்கான எங்க இல்லத்துக்கு வெப்சைட் வேணுமாம். மூணு கம்பெனி டிசைன் வந்தாச்சு. தேர்ந்தெடுக்க நாலு பேர்: தலைவர் டாக்டர், கணக்கு மோகன், கிள்ளான்ல இல்லத்தைப் பாத்துக்கிற செல்வி அக்கா, செயலாளர் நான்.

அதுல ஒண்ணு டாக்டரோட தங்கச்சி மகனோடது. இன்னிக்கு வந்து காட்டினான். எழுத்தெல்லாம் பறக்குது, கூடவே வீணை. டாக்டர் கை தட்டினார். "பியூட்டிஃபுல் லா! இன்னும் என்ன பேச இருக்கு?" மோகனும் தட்டினான். செல்வி அக்கா வரல.

நான்: "மத்த ரெண்டையும் பாத்துடுவோம் டாக்டர். ஆளாளுக்குத் தனியா மார்க் போட்டுட்டு அப்புறம் பேசலாமே?"

அவர் முகம் இறுகிடுச்சு.

வெளிய வந்ததும் மோகன்: "ஏன்க்கா வம்ப விலைக்கு வாங்குறீங்க?"

வாங்கணும்: பால், சின்னவன் ஸ்கூல் ஷூ.

மார்ச் 11, வியாழன்

மழை. டாக்டர் பேசுறதில்ல. குட் மார்னிங் சொன்னா ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

எதெல்லாம் பாக்கணும்னு எழுதி மூணு பேருக்கும் ஃபேக்ஸ். உதவி தேடுறவ கண்ணுல போன் நம்பர் உடனே படுதா? சீக்கிரம் திறக்குதா? அழகு கடைசி.

செல்வி அக்கா போன்ல: "சனிக்கிழமை நான் வரேன். பயப்படாத."

மார்ச் 13, சனி



முதல்ல தனித்தனியா பாத்தோம், மார்க் போட்டோம். அப்புறம்தான் பேச்சு. தங்கச்சி மகன் டிசைன்ல போன் நம்பர் மூணாவது பக்கத்துல. மோகன் கம்மி மார்க், அதுவும் டாக்டர் முன்னாடியே!

செல்வி அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ண எடுக்கல. "இது நம்ம பரமேஸ் லா."

இல்லத்துச் சமையல்கட்டு போட்டோ, அதுல அங்க தங்கியிருக்கிற பரமேஸ். முகம் தெளிவா. கீழ இல்லத்தோட கிள்ளான் முகவரி, வெளிய யாருக்கும் சொல்லாதது. செவ்வாய்க்கிழமை வீணை கேட்டுட்டு நானும் கவனிக்கல. பரமேஸ் புருஷன் ரவாங்ல, ஒரு மணி நேரத் தூரம்தான். இன்னும் அவளத் தேடிட்டிருக்கான்.

டாக்டர்: "போட்டோ நான்தான் குடுத்தேன். யாரும்மா பாக்கப் போறா?"

மோகன்: "உலகமே பாக்கத்தானே அங்கிள் இது?"

உடனே தங்கச்சி மகனுக்கு போன். கூலா சொல்றான்: "ட்ரையலுக்கு அப்பவே நெட்ல ஏத்திட்டேனே!"

டாக்டர் போனைப் பிடுங்கி, "இப்பவே எடுடா!" அவர் கத்தி நான் கேட்டதே இல்ல. எடுத்துட்டான். ஆனா இதுக்குள்ள யார் யார் பாத்தாங்களோ.

இன்னொரு கம்பெனி, பிஜே ஏரியால இருக்கிற பொண்ணுங்க ரெண்டு பேர் செஞ்ச சாதா டிசைன் தேர்வு. முதல் பக்கத்துலயே நம்பர், படம் இல்ல, முகவரி இல்ல. நாலு கையும் தூக்கியாச்சு. சந்தோஷம்தான் இல்ல.

மார்ச் 14, ஞாயிறு

நல்ல வெயில். பரமேஸ் ஈப்போவுக்கு, தெரிஞ்சவங்க வீட்டுக்கு. மத்தவங்களுக்கும் வேற இடம் தேடணும்.

டாக்டரே அவகிட்ட சொன்னார். "என் தப்பும்மா."

அவ அழல. "எத்தன பேர் பாத்திருப்பாங்க டாக்டர்?"

புடு ராயா பஸ் ஸ்டாண்டுல அவ பைய அவரே தூக்கிட்டு வந்து பஸ்ல வச்சார்.

ஜன்னல் சீட்டாக் கேட்டு டிக்கெட் வாங்கியிருந்தேன். வேணாம்னுட்டா. ஜன்னலை விட்டுத் தள்ளி உக்காந்து, ஷாலை முகத்து மேல இழுத்து விட்டுக்கிட்டா.