நாற்பது அங்குலம்

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகள் பெதானிக்கு அம்மா அன்னம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். வியட்நாம் கடற்கரையில் உன் கை, கால் எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. இருபத்தாறு வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவள், தன் அளவு நாடா இழுபட்டு நீண்டுபோனது தெரியாமல் இருந்திருக்கிறேன். உடம்பை அளப்பதும் அதே நாடா, துணியை வெட்டுவதும் அதே நாடா என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்க்கடைக் கண்மணி அக்காவை அளந்து, உங்கள் இடுப்பு இளைத்துவிட்டது என்று சொன்னேன். லட்டு வாங்கித் தந்தார்.

இதைத்தான் நேற்றுப் போனில் சொல்ல வந்தேன். பலகைமேல் நிற்கிற உன்னைக் கடலில் இழுத்துப்போகிற பட்டத்தின் கயிற்றை வெட்டிவிட்டேன் என்றதுமே நீ சிரித்தாய். "அம்மா, போதும்லா, பிராக்டிஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாய். உன்மேல் குற்றம் இல்லை. லிஃப்டுக்குள் முதலை வந்தது என்று சொல்லி உன்னைப் படியேற வைத்தவள் நான். ஆனால் இது விளையாட்டு இல்லை. மாதா மேல் ஆணை.

போன மாதம் பையின் ஜிப்பைத் தைக்கச் சொல்லி, பட்டத்தின் கைப்பிடியையும் அதில் கட்டிய நான்கு கயிற்றையும் விட்டுப்போனாய். போட்டிக்கு முன் உன் தோழி யாமினி கொண்டுவரட்டும், அதுவரை இரவல் வாங்கிப் பழகுகிறேன் என்றாய். அதற்கு முந்தின நாள் மீ கோரெங் நூடுல்ஸை முள்கரண்டியில் நீட்டிப் பிடித்து எனக்குப் பாடம் எடுத்தாயே. கயிறு நீளமாக இருந்தால் பட்டம் மெதுவாகத் திரும்பும், ஆனால் வானத்தில் அகலமாக வீசி வந்து வெகுநேரம் இழுக்கும், உயரத் தூக்கும். குட்டையாக இருந்தால் கையை அசைத்ததும் சட்டென்று திரும்பும், இழுப்பும் சீக்கிரம் முடிந்துவிடும். இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு அந்தரத்தில் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் மாற்றிப் பிடிக்கிற உன் வித்தைக்கு எந்த நீளம் சரி என்று இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். என் காதில் விழுந்தது ‘உயரத் தூக்கும்’ மட்டும்தான்.

உயரம் நம் வீட்டுக்கு ஒத்துவராது. உன் அப்பா ஜூலியஸ் பதினோராம் மாடியில் கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடிக்கப் போன அன்றும் நான் கேலி பேசித்தான் அனுப்பினேன். அதற்குமேல் உனக்கே தெரியும்.

அதனால் உனக்குத் தெரியாமல் ஒவ்வொரு கயிற்றிலும் நாற்பது அங்குலம் வெட்டினேன். என் பிள்ளை நாற்பது அங்குலம் தாழப் பறப்பாள் என்று கணக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றவள் போட்ட கணக்கு. இடது பக்கத்து இரண்டையும் வெட்டி, முனையை மடித்து ஜீன்ஸ் நூலில் வளையம் தைத்தேன். அதற்குள் ஒரு கல்யாண ஆர்டர் வந்துவிட்டது. வலது பக்கத்து இரண்டையும் மறுநாள்தான் வெட்டினேன், அன்றைக்கு வாங்கிய புது நாடாவால்.

நேற்றுப் பையை எடுத்துப்போக யாமினி வந்தாள். கயிற்றை நம் பிளாக் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீட்டி, நான்கு முனையையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இடது பக்கம் இரண்டு விரல் குட்டை, நீண்டுபோன பழைய நாடா செய்த வேலை. "ஆன்ட்டி, மேல ஏறினதும் இது ஒரு பக்கமாவே இழுத்துட்டுப் போகும். இப்ப கயிறும் குட்டை, பட்டம் இன்னும் வேகமாச் சுத்தும். அவளுக்கு யோசிக்க டைமே இருக்காது" என்றாள். பிறகு குறடால் ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தாள். என் தையல் பிரிந்து வந்தது.

இன்று எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தந்ததே யாமினிதான். அவள் நேரில் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், அம்மாவோடு கூட்டு என்பாய்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குள் அங்கே புதுக் கயிறு கிடைக்காதாம். உங்கள் கோச் நான்கையும் சமமாக்கி, அதற்கென்று இருக்கிற நூலில் தைத்துத் தருவாராம். நீளம் பற்றாவிட்டால் ஒட்டுக்கயிறு இருக்கிறதாம். அவர் இரும்பு நாடாவால் அளந்து முடிக்கும்வரை பட்டத்தைக் காற்றில் ஏற்றாதே. எவ்வளவு நீளம் என்று இனிமேல் நான் கேட்கமாட்டேன். உன் கைக்கு எது அடங்குமோ அது. நான்கும் ஒரே அளவாக இருந்தால் போதும்.

நீ அவசரக்காரி. படிக்காமல் திறந்துவிடுவாய் என்று பயந்து, பையின் வாயை நெருக்கித் தைத்து, இந்தக் கடிதத்தை அதன்மேல் குத்தி அனுப்புகிறேன். கத்தரிக்கோல் தேடுகிற நேரத்திலாவது படி.

மாதா உன்னைத் தாங்கட்டும். தண்ணீரில் விழு, பரவாயில்லை. விழுந்தால் எழுந்து கரைக்கு வந்து ஒரு போன் போடு. "அம்மா, போதும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

உன் அம்மா,
அன்னம்மா

பின்குறிப்பு: பையோடு என் ரவிக்கையின் இடது கையும் சேர்ந்து தைபட்டுவிட்டது. கீழே யாமினி டாக்ஸியை நிறுத்திவைத்திருக்கிறாள், பிரிக்க நேரமில்லை. தோளோடு வெட்டிவிட்டேன். பையில் நீலமாகத் தொங்குவது அதுதான்.