நாக்குப்பூச்சிக்கு விளக்கெண்ணெய்

9.7.1968, செவ்வாய்

காற்று. வகுப்பில் மேசையெல்லாம் புழுதி. விலங்கியல் பாடம். தட்டைப்புழுவுக்கு உடற்குழி இல்லை. வயிற்றில் வளரும் உருளைப்புழுவுக்கு இருப்பது பொய்க்குழி. மண்புழுவுக்குத்தான் மெய்யான குழி. அதன் ரத்தம் சிவப்பு, குழாய்க்குள்ளேயே சுற்றும். கரப்பானுக்கு நிறமில்லாத ரத்தம், குழாயை விட்டிறங்கி உறுப்புகளை நனைக்கும்.

வெள்ளிக்கிழமை மண்புழு அறுப்பு. பள்ளியில் இருப்பது ஒரே மெழுகுத் தட்டு. டீச்சர்: "யாரு புழு கொண்டாராகளோ, அவுகதான் அறுக்கணும்."

நான் அறுக்க வேண்டும்.

10.7, புதன்

மழையே இல்லை. கரிசல் கல்லாகக் கிடக்கிறது. தோண்டிய இடங்கள்: கிணற்றடி, வாழைப்பாத்தி, என் வகுப்பு எஸ்தர் வீட்டுப் பின்கட்டு. கிடைத்தவை: பூரான் 1, கொலுசுத் திருகு 1. கையில் கொப்புளம்.

11.7, வியாழன்

தெருக்குழாய் ஒழுகும் இடத்தில் இரண்டு! ஈரமண்ணோடு டப்பாவில். எங்கள் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த எஸ்தரிடம் ஓடிவந்து சொன்னேன்.

"நாக்குப்பூச்சி ரெண்டுடி. ஒண்ணு சாண் நீளம்."

எங்கள் பக்கம் மண்புழுவுக்கும் வயிற்றுப் புழுவுக்கும் அதே பேர்தான். அடுப்படியில் அம்மா இருந்ததைக் கவனிக்கவில்லை.

12.7, வெள்ளி

விடியுமுன் விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டாள்.

"அது மண்புழும்மா."

"நாக்குப்பூச்சின்னு ஓன் வாயால சொன்ன. இப்ப வெக்கப்பட்டு மண்புழுங்கிற."

டப்பாவைக் காட்டியபோது குடித்து முடித்திருந்தேன். அம்மா டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி, குடிச்சது குடிச்சதுதான். ஒடம்புக்கு நல்லது."

டப்பா எஸ்தரோடு போயிற்று. நான் கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஒன்பது தடவை. மதியம் மோர்சாதம்.

13.7, சனி

எஸ்தர் வந்தாள். அவள்தான் அறுத்தாளாம்.

"ரத்தம் செவப்புத்தாண்டி. நம்மளுது மாதிரியே."

"உடற்குழி?"

"பாக்கல. மணி அடிச்சுட்டாக."

அவள் போன பிறகு நோட்டில் படம் வரைய உட்கார்ந்தேன். வரையவில்லை.

14.7, ஞாயிறு

காற்று குறைவு. அரிசிப் பானைக்குப் பின்னால் பால்வெள்ளையாக ஒரு கரப்பான். இப்போதுதான் தோலுரித்திருக்கிறது. கண்ணாடி டம்ளரால் மூடினேன். முதுகின் நடுவே ஒரு கோடு, விட்டுவிட்டுத் துடிக்கிறது. இதயம்.

அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். "தள்ளு."

"அடிக்காதம்மா. நெஞ்சு அடிக்கிறது தெரியுது பாரு."

குனிந்தாள். "முதுகுலயா?"

"ஆமா."

"ரத்தத்தக் காணோம்?"

"இருக்கும்மா. நெறம் இல்ல. ஒடம்புக்குள்ள பூரா அதுலதான் நனைஞ்சு கெடக்கு."

விளக்குமாறு கையிலேயே இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். சோறு லேசாக அடிப்பிடித்துவிட்டது.

மாலைக்குள் கரப்பான் பழுப்பேறிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. டம்ளரோடு தெருவுக்குக் கொண்டுபோனேன். அம்மா உள்ளேயிருந்து:

"அடுத்தவாட்டி தோலுரிச்சா என்னையும் கூப்பிடு."